எலும்பில் வேர்விட்டவள்

அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்ட் நகரத் திமிங்கில வேட்டை அருங்காட்சியகத்தில், கூரையிலிருந்து ஒரு நீலத் திமிங்கில எலும்புக்கூடு தொங்குகிறது. இளம் வயதிலேயே, 1998-இல், கப்பல் மோதி இறந்த விலங்கு அது. சதையை நீக்கி, எலும்புகளைச் சுத்தம் செய்து, 2000-இல் காட்சிக்கு வைத்தார்கள். அதன்பின் பல ஆண்டுகள் ஆகியும் எலும்பிலிருந்து எண்ணெய் சொட்டுவது நிற்கவில்லை. கீழே குடுவை வைத்துப் பிடிக்கிறார்கள்.

திமிங்கில எலும்பு அப்படிப்பட்டது. பெரிய திமிங்கிலங்களின் சில எலும்புகளில் எடையில் அறுபது விழுக்காடு வரை கொழுப்பாகவே இருக்கும். வேட்டைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தோலுக்கடியிலுள்ள கொழுப்பை உருக்கி முடித்ததும் எலும்புகளையும் உடைத்து, கொதிகலனில் போட்டு வேகவைத்து, மிச்ச எண்ணெயையும் எடுத்துவிடுவார்கள். கொழுப்பைத் தவிர்த்துப் பார்த்தாலும் எலும்பில் சாப்பாடு நிறையவே உண்டு. கொலாஜன் என்னும் புரதம் நார்நாராக ஓடுகிறது. ஆனால் அந்த நாருக்கு மேல் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் கவசமாகப் படிந்திருக்கின்றன. உள்ளே விருந்து, வெளியே கல்சுவர். இதைத் தின்ன நாய்க்குக் கடைவாய்ப்பல் இருக்கிறது, கழுதைப்புலிக்குத் தாடை இருக்கிறது. பல்லோ தாடையோ வாயோகூட இல்லாத ஓர் உயிர் இதைத் தின்றே பிழைக்கிறது என்றால், அதன் உடம்பு முழுவதும் அந்த ஒரு வேலைக்காக மாற்றிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கடலில் ஓராயிரம் மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி எட்டாது. செடி கொடி, பாசி எதுவும் கிடையாது. மேல்மட்ட உயிர்களின் எச்சங்களும் இறந்த நுண்ணுயிர்களும் துகள்களாக உதிர்ந்து வருவதே பெரும்பாலான இடங்களில் உணவு. வரும் வழியிலேயே பலரும் கை வைத்துவிடுவதால் அடிமட்டத்துக்கு வந்துசேர்வது கொஞ்சம்தான். இந்த வறுமைக்கு நடுவே எப்போதாவது ஒரு திமிங்கிலம் செத்து விழுகிறது. நாற்பது டன் எடையுள்ள ஒரு சடலம், அது விழுந்த இடத்துக்குச் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளில் துகள்களாக வந்து சேரக்கூடிய கரிமத்தை ஒரே நாளில் கொண்டுவந்து போடுகிறது என்று ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் ஸ்மித் கணக்கிட்டார். அவரது குழுதான் 1987-இல் கலிஃபோர்னியாவுக்கு அப்பால், 1,240 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் நீர்மூழ்கியில் போகும்போது தற்செயலாக ஒரு திமிங்கில எலும்புக்கூட்டைக் கண்டது. அதைச் சுற்றி ஓர் ஊரே குடியிருந்தது.

அந்த ஊரின் கதை இப்போது ஓரளவு தெளிவு. ஹேக் மீன்களும் சுறாக்களும் முதலில் வந்து சதையைப் பிய்த்துத் தின்னும். அதற்கே மாதக்கணக்கில், பெரிய உடலானால் ஆண்டுக்கணக்கில் ஆகும். சிந்திய கொழுப்பு ஊறிய சேற்றில் சிறு புழுக்களும் இறால் வகைகளும் மொய்க்கும். பிறகு எலும்புக்குள் இருக்கும் எண்ணெயை ஆக்சிஜன் இல்லாமலே பாக்டீரியா சிதைக்க, ஹைட்ரஜன் சல்ஃபைடு கசியும். அந்த அழுகல் வாயுவை நம்பிச் சிப்பிகள் வரும். எலும்பு மெல்ல மெல்ல, பல பத்தாண்டுகளாக அப்படியே கிடந்து கரையும் என்று நினைத்தார்கள். எலும்பையே நேரடியாகத் தின்ன ஒரு விலங்கு இருக்கும் என்று யாரும் தேடவில்லை.

2002 பிப்ரவரியில் ராபர்ட் விரையன்ஹூக் தேடிக்கொண்டிருந்ததும் வேறொன்றைத்தான். கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரையிலிருந்தே செங்குத்தாக இறங்குகிறது. அங்கு இயங்கும் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த அவர், ஆழ்கடல் சிப்பிகளைத் தேடி ‘டிபுரான்’ என்ற ஆளில்லா நீர்மூழ்கியை அனுப்பியிருந்தார். கிட்டத்தட்ட 2,900 மீட்டர் ஆழத்தில் சோனார் திரையில் எதுவோ தட்டுப்பட்டது. போய்ப் பார்த்தால் ஒரு சாம்பல் திமிங்கிலத்தின் எலும்புகள். அவற்றின் மேல் சிவப்பு நிறத்தில் ரோமம் முளைத்தது போல ஆயிரக்கணக்கான புழுக்கள் அசைந்துகொண்டிருந்தன. சடலத்துக்கு ரூபி என்று செல்லப்பெயர் வைத்தார்கள். எலும்புத் துண்டுகளைப் புழுக்களோடு மேலே கொண்டுவந்தார்கள்.

மேலே வந்த புழுவைப் பார்த்து நிபுணர்களும் திகைத்தார்கள். நீளம் சில சென்டிமீட்டர். உச்சியில் நான்கு சிவப்பு இறகுகள். நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றிச் சளிபோன்ற ஒரு குழாய். புழுவை இழுத்தால் முழுசாக வரவில்லை, அறுந்துபோனது. மீதி உடம்பு எலும்புக்குள் இருந்தது. எலும்பைக் கவனமாக உடைத்துப் பார்த்தபோது, தண்டின் அடி பருத்து, முட்டைகள் நிறைந்த பையாக இருந்ததையும், அதிலிருந்து பச்சை நிறத் திசுவால் போர்த்திய கிளைகள் நாலாபுறமும் எலும்புக்குள் ஓடியதையும் கண்டார்கள். கோயில் கோபுரத்தில் காக்கை போட்ட அரச விதை, சுதையைப் பிளந்துகொண்டு வேர் இறக்குவதைப் பார்த்திருப்போமே, அதே மாதிரி. வாய் இல்லை, வயிறு இல்லை, குடல் இல்லை, ஆசனவாயும் இல்லை.

குடலில்லாத புழு அறிவியலுக்குப் புதிது அல்ல. 1977-இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே கடலடி வெந்நீர் ஊற்றுகளில் கண்டுபிடிக்கப்பட்ட ராட்சசக் குழாய்ப்புழுவுக்கும் வாய் கிடையாது. உடம்புக்குள் வளர்க்கும் பாக்டீரியா சல்ஃபைடை வைத்துச் சமைத்துப் போடுகிறது. கிரெக் ரவுஸும் ஷானா கொஃப்ரெடியும் விரையன்ஹூக்குடன் சேர்ந்து மரபணுக்களைப் பார்த்தபோது ரூபியின் புழுக்களும் அதே குடும்பம் என்று தெரிந்தது. 2004-இல் ‘சயின்ஸ்’ இதழில் இரண்டு இனங்களாக அறிவித்து, ஒசெடாக்ஸ் என்ற பேரினப் பெயரும் இட்டார்கள். ஆனால் உறவுக்காரப் புழு வாயுவை உணவாக்குகிறது, இது எலும்பைத் தின்கிறது. குடும்பத்தில் வேறு யாரும் இந்தத் தொழிலுக்குப் போகவில்லை.

எப்படித் தின்கிறது? வேரில் பல்லோ அரமோ கிடையாது. 2013-இல் மார்ட்டின் டிரெஸ்குவெரெஸ், சிக்ரிட் காட்ஸ், ரவுஸ் ஆகியோர் வேரின் மேல்தோலைச் சோதித்தார்கள். அங்கிருக்கும் செல்களில் புரோட்டானை வெளியே தள்ளும் பம்பு ஒன்றும், கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதியும் செறிந்திருந்தன. நொதி, மூச்சில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் சேர்த்து அமிலத்துக்கான புரோட்டானை உற்பத்தி செய்கிறது. பம்பு அதை எலும்பின் மேல் கொட்டுகிறது. கால்சியம் பாஸ்பேட் அமிலத்தில் கரைகிறது. கவசம் போனதும் அடியிலிருக்கும் கொலாஜன் அம்பலமாகிறது. அதை வேரின் புரத நொதிகள் வெட்டுகின்றன, வேரே உறிஞ்சிக்கொள்கிறது.

இந்த ஏற்பாட்டைப் படிக்கும்போது மருத்துவம் தெரிந்தவர்களுக்கு எங்கோ பார்த்த ஞாபகம் வரும். நம் எலும்புக்குள்ளேயே பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் உண்டு. எலும்பு உயிருள்ள பொருள். ஒருபுறம் கரைந்து மறுபுறம் புதிதாகக் கட்டப்படுகிறது. கரைக்கும் அந்தச் செல்களும் இதே வகைப் பம்பையும் இதே வகை நொதியையும்தான் வைத்துக்கொண்டிருக்கின்றன. வயதான காலத்தில் இந்தக் கரைப்பு, கட்டுமானத்தை முந்தினால் எலும்புத் தேய்வு. கடலடிப் புழுவும் நம் முழங்கால் எலும்பின் செல்லும் ஒரே ரசாயனத்துக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்திருப்பதில் எனக்கு ஆச்சரியம் அதிகமில்லை. கால்சியம் பாஸ்பேட்டை உடம்பின் வெப்பநிலையில், அதைவிட மிகக் கீழே ஆழ்கடலின் இரண்டு மூன்று டிகிரிக் குளிரிலும், கரைக்க அமிலத்தைவிட்டால் ஓர் உயிரிக்கு வேறு வழி குறைவு.

அமிலம் இறைக்கச் சக்தி வேண்டும், சக்திக்கு ஆக்சிஜன் வேண்டும். எலும்புக்குள் ஆக்சிஜன் ஏது? அதனால்தான் அந்தச் சிவப்பு இறகுகள். அவை செவுள்கள்; நம் ரத்தத்திலிருப்பது போன்ற ஹீமோகுளோபின்தான் அந்தச் சிவப்பு. வெளியே நீரோட்டத்தில் ஆக்சிஜனைப் பிடித்து, தண்டின் ரத்தக்குழாய் வழியாக எலும்பின் ஆழத்துக்கு அனுப்புகின்றன. படத்தில் பார்ப்பவர்கள் பூவென்று ரசிக்கும் பகுதி, கீழே நடக்கும் அமிலத் தொழிற்சாலைக்குக் காற்று இழுத்துக் கொடுக்கும் குழாய். ஆபத்து வந்தால் இறகுகளை நொடியில் குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும்.

வேரின் பச்சைத் திசுவுக்குள் பாக்டீரியா குடியிருக்கிறது. எண்ணெய்க் கசிவுகளில் சிக்கலான கரிமப் பொருள்களைச் சிதைப்பதற்குப் பேர்போன பாக்டீரியாக்களின் வரிசையைச் சேர்ந்தது. புழு தன் குஞ்சுகளுக்கு இதைச் சீதனமாகக் கொடுத்தனுப்புவதில்லை. ஒவ்வொரு புழுவும் எலும்பில் வேர்விட்ட பிறகு சுற்றுப்புறத்திலிருந்து புதிதாகச் சேர்த்துக்கொள்கிறது. ஒரே புழுவின் வெவ்வேறு வேர்க்கிளைகளில் வெவ்வேறு வகைப் பாக்டீரியா இருப்பதும் உண்டு. கொலாஜன் புரதம் சத்துச் சமநிலை இல்லாத உணவு. அதில் சில அமினோ அமிலங்கள் மிகுதி, சில அறவே இல்லை. ஒசெடாக்ஸின் மரபுத்தொகுதியை முழுதாகப் படித்து 2023-இல் வெளியான ஆய்வு, புழுவின் மரபணுக் கையிருப்பு சுருங்கிவிட்டதையும், அது செய்ய மறந்த ரசாயன வேலைகள் பலவற்றைப் பாக்டீரியாவின் மரபணுக்கள் ஈடுசெய்வதையும் காட்டியது.

இதுவரை சொன்னதெல்லாம் பெண்ணைப் பற்றி. ரூபியின் எலும்பில் எடுத்த புழுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது எல்லாமே பெண்ணாக இருந்தன. கருவுற்ற முட்டைகள் இருந்தன, ஆண் இல்லை. பிறகு யாரோ அந்தச் சளிக்குழாயை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். உள்ளே, பெண்ணின் உடம்பை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஆண்கள் இருந்தார்கள். ஒரு குழாயில் நூற்றுக்கு மேலும் இருந்தது உண்டு. அவை வளர்ந்த புழுவின் வடிவில் இல்லை. இளம்பருவ லார்வா உருவத்திலேயே நின்றுவிட்டவை. இறகு இல்லை, வேர் இல்லை, எலும்பைத் தொடுவதே இல்லை. தாய் முட்டையில் வைத்த மஞ்சள்கருவின் மிச்சத்துளிகளைச் செலவழித்து விந்தணுக்கள் செய்வதோடு சரி. கையிருப்பு தீர்ந்தால் ஆயுளும் தீர்ந்தது. பெண் வயதாக ஆக, குழாய்க்குள் சேரும் ஆண்களின் எண்ணிக்கை கூடுகிறது. புதிதாக வருபவை வந்துகொண்டே இருக்கின்றன.

ஆணா பெண்ணா என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? நீரில் மிதந்து வரும் லார்வா வெற்று எலும்பில் இறங்கினால் பெண்ணாக வளர்கிறது, ஏற்கெனவே ஒரு பெண் இருக்கும் இடத்தில் இறங்கினால் ஆணாகவே நின்றுவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். பொனெல்லியா என்ற வேறொரு கடற்புழுவில் இப்படி நடப்பது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். எலும்பை வைத்து யோசித்தால் இந்த விசித்திரம் கணக்காகவே படுகிறது. ஒரு சடலத்தின் எலும்பு என்பது எல்லைக்குட்பட்ட நிலம். முட்டையிடும் திறன் வேர் பிடித்த பரப்பைப் பொறுத்தது. விந்தணு தயாரிக்க அவ்வளவு உணவு வேண்டியதில்லை. ஆண் எலும்பில் பங்கு கேட்காமலிருந்தால், அந்தப் பங்கும் முட்டையாகும். முட்டைதான் இங்கே முதலீடு. சொந்த எலும்பு தீர்ந்ததும் பெண் இடம் பெயர முடியாது, அங்கேயே சாகும். அதற்குள் முடிந்த அளவு லார்வாக்களைக் கடலுக்குள் விட்டுவிட வேண்டும். பெரும்பாலானவை எங்கும் போய்ச் சேராது. அப்படியிருந்தும் ரூபியின் இரண்டு இனங்களிலும் வளர்ந்த பெண்களின் எண்ணிக்கை லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை இருக்கலாம் என்று மரபணு வேறுபாடுகளை வைத்து மதிப்பிட்டார்கள். கடலுக்கடியில் எலும்புக்கூடுகள் நாம் நினைத்ததைவிட நெருக்கமாகவே கிடக்கின்றன போலும்.

இவ்வளவு நேர்த்தியான ஒரு கணக்கைச் சொல்லி முடித்த பிறகு விதிவிலக்கையும் சொல்லாவிட்டால் தப்பு. 2015-இல் ரவுஸும் கூட்டாளிகளும் கலிஃபோர்னியாக் கடலில் சுமார் 700 மீட்டர் ஆழத்திலிருந்து ஒசெடாக்ஸ் பிரியாபஸ் என்ற இனத்தை அறிவித்தார்கள். இதில் ஆண் கண்ணுக்குத் தெரியும் புழு. தானே எலும்பில் வேர்விட்டுத் தானே தின்கிறது. ஆனால் வேர்விட்டவன் நகர முடியாதே, பெண்ணிடம் எப்படிப் போவது? உடம்பைச் சுருங்கிய நிலையிலிருந்து பத்து மடங்கு வரை நீட்டி, எலும்பின் மேல் அக்கம்பக்கத்தைத் துழாவிப் பெண்ணைத் தேடுகிறது. குட்டை ஆண்களிலிருந்து திரும்பவும் பெரிய ஆண் உருவாவது விலங்குலகில் மிக அரிது. ஒருமுறை தொலைத்த உடலமைப்பு திரும்பி வராது என்று பரிணாம நூல்களில் அடிக்கடி சொல்வார்கள். லார்வாவில் அந்த உடலுக்கான செய்முறை அழியாமல் இருந்ததால்தான் இது முடிந்தது.

ரூபிக்குப் பிறகு ஒசெடாக்ஸ் பல இடங்களில் அகப்பட்டது. அதே 2002-இல் ஜப்பானின் கியூஷு தீவில் கரையொதுங்கிய ஸ்பெர்ம் திமிங்கிலங்களில் பன்னிரண்டை அப்பால் கொண்டுபோய் 200 மீட்டர் சொச்சம் ஆழத்தில் மூழ்கடித்திருந்தார்கள். அவற்றின் எலும்பில் ஓர் இனம். சுவீடன் கடலில் வெறும் 120 மீட்டரளவில் மின்கி திமிங்கில எலும்பில் இன்னொன்று. அன்டார்க்டிகாவில் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஏட்ரியன் குளோவரின் குழு திமிங்கில எலும்பையும் மரப்பலகையையும் ஒன்றாகக் கடலடியில் வைத்து, பதினான்கு மாதம் கழித்து எடுத்தது. எலும்பு முழுக்கப் புழு. பலகையில் ஒரு கீறலும் இல்லை. மரந்தின்னும் கடலுயிர்கள் அங்கே இல்லை என்பதால் பழைய மரக்கப்பல்கள் நன்றாகவே கிடக்கும் என்று 2013-இல் எழுதினார்கள். 1915-இல் அதே அன்டார்க்டிகக் கடலில் மூழ்கிய, துருவப் பயணி ஷாக்கிள்டனின் மரக்கப்பல் ‘எண்டூரன்ஸ்’ 2022-இல் 3,008 மீட்டர் ஆழத்தில் கிடைத்தபோது அதன் பின்புறத்தில் கப்பலின் பெயரை வாசிக்க முடிந்தது.

திமிங்கிலம் மட்டும்தான் இதன் உணவா என்பதில் ஆரம்பத்தில் சண்டை இருந்தது. 2004-இன் மரபணுக் கணக்கு, அந்த இரண்டு இனங்களும் சுமார் 4.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்ததாகச் சொன்னது. திமிங்கிலங்கள் கடலுக்கு வந்த காலத்தோடு ஏறக்குறைய பொருந்துகிறது. திமிங்கிலம் வந்தது, கூடவே புழுவும் வந்தது. கதை அழகாக இருந்தது. மான்டெரே குழுவோ மாட்டு எலும்பைக் கயிற்றில் கட்டிக் கடலடியில் இறக்கிப் பார்த்தது. புழு ஏறியது. மாடு ஆழ்கடலில் விழுவது அபூர்வம்தான், பக்கத்தில் கிடந்த திமிங்கிலத்திலிருந்து தாவியிருக்கும் என்றார்கள் எதிர்த்தரப்பினர். அடுத்து மீன் எலும்பு வைத்தார்கள். அதிலும் ஏறியது. 2019-இல் கிரெய்க் மெக்ளெய்ன் குழு மெக்சிகோ வளைகுடாவில் சுமார் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இறந்த மூன்று அலிகேட்டர் முதலைகளை எடை கட்டி இறக்கியது. ஒன்றை ராட்சச ஐசோபாடுகள், நம்மூர் மரவட்டைக்கும் கரப்பானுக்கும் நடுவில் இருக்கும் தோற்றமுடையவை, ஒரே நாளில் துளைத்து உள்ளே புகுந்துவிட்டன. ஒன்று எடையோடு காணாமல் போனது. கயிறு கடித்து அறுக்கப்பட்டிருந்தது. மூன்றாவது 51 நாளில் வெறும் எலும்பு. அந்த எலும்பில் ஒசெடாக்ஸ். அந்த வளைகுடாவில் அதுவரை இந்தப் புழு பதிவானதே இல்லை.

முதலைச் சோதனைக்கு ஒரு காரணம் இருந்தது. திமிங்கிலங்கள் வருவதற்கு முன் கடலில் பெரிய உடம்புகள் ஊர்வனவற்றுடையவை: நீண்ட கழுத்து பிளீசியோசார்கள், மீனுருவ இக்தியோசார்கள், கடலாமைகள். புழு அவற்றையும் தின்றிருக்குமா? ஒசெடாக்ஸின் உடம்பு மெத்தென்றிருப்பதால் புதைபடிவமாகாது. ஆனால் அது துளைத்த எலும்பு ஆகும். உச்சியில் சிறு துளை, உள்ளே அகன்ற அறை. இந்த அடையாளத்தை 2010-இல் ஸ்டெஃபென் கீல் குழு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிடைத்த மூன்று கோடி ஆண்டுத் திமிங்கில எலும்பில் காட்டியது. 2015-இல் சில்வியா டனீஸும் நிக்கலஸ் ஹிக்ஸும் கேம்பிரிட்ஜ் அருங்காட்சியகச் சேகரிப்பிலிருந்த ஒரு பிளீசியோசார் கை எலும்பை சி.டி. ஸ்கேன் செய்தார்கள். அதே துளைகள், அதே அறைகள். வயது சுமார் பத்துக் கோடி ஆண்டு. அதே காலத்துக் கடலாமை எலும்புகளிலும் இருந்தன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பிளீசியோசார்கள் அழிந்ததற்கும் திமிங்கிலங்கள் எழுந்ததற்கும் இடைப்பட்ட நெடும்பஞ்சத்தில் புழு எதைத் தின்றது என்ற கேள்விக்கு ஆமையும் மீனும் போதுமான விடை.

தொல்லுயிர் ஆய்வாளர்களுக்கு இதில் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. கடலில் வாழ்ந்த முதுகெலும்பிகளின் வரலாற்றை அவர்கள் கடலடியில் எஞ்சிய எலும்புகளைக் கொண்டுதான் எழுதுகிறார்கள். எஞ்சாதவற்றைப் பற்றி எழுத முடியாது. பத்துக் கோடி ஆண்டுகளாக, உலகக் கடல்கள் பலவற்றில், ஆழம் குறைந்த இடங்களிலிருந்து ஆழ்கடல் வரை, இந்தப் புழுவின் வேர்கள் எலும்புகளைக் கரைத்து வந்திருக்கின்றன. எலும்பின் கனமும் இங்கே முக்கியம்: குட்டிகளின் மெல்லிய, இன்னும் முற்றாத எலும்புகள் பெரியவற்றைவிடச் சீக்கிரம் போய்விடும். ஒரு பாறை அடுக்கில் குட்டிகளின் படிவங்கள் குறைவாகக் கிடைத்தால், அந்தக் கடலில் குட்டிகள் குறைவாக இருந்தன என்று எழுதும் முன், பக்கத்தில் கிடைத்த பெரிய எலும்புகளை ஸ்கேனரில் வைத்து, மேற்பரப்பில் அந்தச் சிறு துளைகளும் அடியில் அகன்ற அறைகளும் உண்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது.